நாற்றங்காலுக்கு நகரப் பட்டமா? ஊரைக் கேட்காமல் ஊராட்சியை அழிக்காதே!



தஞ்சாவூர் டவுனை விட்டு எந்த ரோட்டில் கிளம்பினாலும் இதைப் பார்க்கலாம். நாஞ்சிக்கோட்டை, விளார், பிள்ளையார்பட்டி, மேலவெளி என்று ஊர்ப் பலகை மாறுகிறதே தவிர, டவுன் எங்கே முடிந்தது, ஊர் எங்கே தொடங்கியது என்று சொல்ல முடியாது. ஒரு பக்கம் 'நகர்' என்று பேர் எழுதின வளைவு, மாடி வீடு, செல்போன் கடை. அந்தத் தெருவைத் தாண்டினால் மடை, வரப்பு, வைக்கோல் போர். கும்பகோணத்துக்கு வெளியே போனாலும் இதே கதைதான்.

இந்த மாதிரி இடம் கிராமமா, நகரமா? டீக்கடையில் பேசிவிட்டு எழுந்து போகிற விஷயம் இல்லை இது. பதில் கிராமம் என்றால் நமக்கு ஒரு சட்டம், நகரம் என்றால் வேறொரு சட்டம். நம் வீட்டுப் பெண்களுக்கு வேலை உண்டா, ரோட்டுக்கு எடுத்த நிலத்துக்கு எத்தனை லட்சம், வீட்டு வரி எவ்வளவு, நம்மைக் கேட்காமல் எதுவும் செய்யலாமா கூடாதா, எல்லாமே இந்த ஒரு வார்த்தையில் தொங்குகிறது. அந்த வார்த்தையை இன்றைக்கு எழுதுகிறவர்கள் சென்னையில் இருக்கிறார்கள். நம் வரப்பில் கால் வைக்காதவர்கள்!

ஒரு கையெழுத்தில் கிராமம், மறு கையெழுத்தில் டவுன்

நகரம் என்பது தானாக வளர்ந்து வருவது, அரசு அதை அங்கீகரிக்கிறது, அவ்வளவுதான் என்று அதிகாரிகள் சொல்வார்கள். அப்படியா? 2004-ஐ நினைத்துப் பாருங்கள். அந்த வருஷம் தமிழக அரசு 561 பேரூராட்சிகளைக் கிராம ஊராட்சிகளாக மாற்றியது. 'சிறப்புச் சிற்றூராட்சி' என்று ஒரு பேர் வைத்தார்கள். எதுக்காக? மத்திய அரசின் கிராம வளர்ச்சிப் பணம் வர வேண்டும் என்பதற்காக. 2006-ல் ஆட்சி மாறியது. அதே 561 ஊரும் திரும்பப் பேரூராட்சி! இந்த ரெண்டு வருஷத்தில் அங்கெல்லாம் கடைத்தெரு காணாமல் போய்த் திரும்ப வந்ததா? வயல் முளைத்துத் திரும்ப மறைந்ததா? ஒரு செங்கல் நகரவில்லை. கையெழுத்துதான் நகர்ந்தது.

ஒரு ஆட்சியை மட்டும் குறை சொல்ல இதை நாம் எழுதவில்லை. கிராமம், நகரம் என்பது மண்ணில் எழுதின எழுத்து இல்லை, பேப்பரில் எழுதுவது என்று ரெண்டு பெரிய கட்சிகளும் சேர்ந்தே நிரூபித்து விட்டார்கள். பணம் கிராமக் கணக்கில் வந்தால் நாம் கிராமம். பணம் நகரக் கணக்கில் வந்தால் நாம் நகரம். நடுவில் நம்மைக் கேட்டவன் யார்?

சோழர் காலத்திலேயே இந்தப் பிரிவினை இருந்தது. பயிர் செய்கிறவர்கள் கூடின அவைக்கு 'ஊர்' என்று பேர். வியாபாரிகள் கூடின அவைக்கு 'நகரம்' என்று பேர். அங்கே இருக்கிற ஜனம் என்ன தொழில் செய்கிறது என்பதை வைத்துப் பேர். ஆயிரம் வருஷம் கழித்து நாம் கேட்பதும் அதைத்தான்: எங்கள் ஊரில் ஜனம் என்ன தொழில் செய்கிறது என்று முதலில் எண்ணிப் பார்!

அரசியல் சட்டம் என்ன சொல்கிறது?

அதையே சொல்கிறது. 1993-ல் நடைமுறைக்கு வந்த 74-வது திருத்தத்தின் 243-கியூ பிரிவை எடுத்துப் படியுங்கள். ஒரு பகுதியைப் பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்று ஆக்குவதற்கு முன்னால் மக்கள்தொகை, மக்கள் நெருக்கம், உள்ளூர் வருமானம், விவசாயம் அல்லாத வேலையில் இருப்பவர்களின் சதவீதம், பொருளாதார முக்கியத்துவம் இவற்றையெல்லாம் பார்க்க வேண்டும் என்கிறது. நாலாவதைத் திரும்பப் படியுங்கள். விவசாயம் அல்லாத வேலையில் எத்தனை சதவீதம்? எந்த ஊராட்சிக்காவது இந்தக் கணக்கை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டு, "பாருங்கள், இதனால்தான் உங்களை நகரம் என்கிறோம்" என்று சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா?

கணக்கு எங்கே இருக்கிறது என்று கேட்டால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் காட்டுவார்கள். அதில் 'கணக்கெடுப்பு நகரம்' என்று ஒரு வகை உண்டு. நகராட்சி இல்லை, பேரூராட்சியும் இல்லை. சட்டப்படி கிராம ஊராட்சிதான். ஆனால் கணக்கு எடுக்கிறவன் நகரம் என்று குறித்துக் கொள்கிறான். அதற்கு மூன்று சோதனை: 5,000 பேருக்குக் குறையாத ஜனம், சதுர கிலோமீட்டருக்கு 400 பேருக்குக் குறையாத நெருக்கம், முதன்மை வேலை செய்யும் ஆண்களில் 75 சதவீதமாவது விவசாயம் அல்லாத வேலையில் இருக்க வேண்டும். 2001-ல் தமிழ்நாட்டில் இப்படி 111 ஊர்கள். 2011-ல் 376. தஞ்சாவூரை ஒட்டின சில ஊராட்சிகளும் இதில் உண்டு.

இந்த மூன்றாவது சோதனையில்தான் சூட்சுமம் இருக்கிறது. நிதானமாகக் கேளுங்கள்.

முதலாவது, ஆண்களை மட்டும் எண்ணுகிறார்கள். நம்ம ஊரில் நாற்றுப் பறிக்கிறது யார்? நடவு நடுகிறது யார்? களை எடுக்கிறது யார்? முதுகு ஒடியக் குனிந்து நிற்கிற நம் தாய்மார்கள் அத்தனை பேரும் இந்தச் சோதனையில் கணக்கிலேயே இல்லை! வீட்டுக்காரர் சிமெண்டுக் கடையில் மூட்டை தூக்கினால், மனைவி நாள் பூராவும் சேற்றில் நின்றாலும், அந்தச் சோதனைக்கு அது விவசாயம் அல்லாத குடும்பம்தான்.

ரெண்டாவது, 'முதன்மை வேலை' என்றால் வருஷத்தில் ஆறு மாசத்துக்குக் குறையாமல் வேலை செய்திருக்க வேண்டும். மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூட வேண்டும் என்பது முறை. முறைப்படி திறக்காத வருஷங்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். குறுவை போய், சம்பா ஒன்றோடு நிற்கிற கடைமடைக் கூலித் தொழிலாளிக்கு வயலில் ஆறு மாசம் வேலை எங்கே கிடைக்கும்? ஆறு மாசம் தேறாவிட்டால் அவர் 'குறு வேலையாள்' என்று வேறு பத்திக்குப் போய் விடுகிறார். 75 சதவீதக் கணக்கில் அவரும் இல்லை. ஆக, தண்ணீர் விடாதவனும் அரசு, தண்ணீர் இல்லாததால் வேலை இழந்தவனை விவசாயி இல்லை என்று கழிக்கிறவனும் அரசு!

இப்படிப் பெண்களையும் கழித்து, பாதி வேலைக்காரர்களையும் கழித்து, மிச்சத்தை வைத்து எடுத்த சதவீதத்தில் ஊர் நகரமாகிறது.

போனால் என்னென்ன போகும்?

2005-ல் வந்த வேலை உறுதிச் சட்டம் கிராமப் பகுதி என்பதற்கு ஒரு வரி விளக்கம் வைத்திருந்தது. நகர்ப்புற உள்ளாட்சிக்கும் கன்டோன்மென்டுக்கும் உட்பட்ட இடம் தவிர மற்றதெல்லாம் கிராமப் பகுதி. அதாவது ஊராட்சி மாநகராட்சியோடு சேர்ந்த அன்றைக்கே நூறு நாள் வேலை அட்டை செல்லாக்காசு. அறுப்பு முடிந்து பிப்ரவரி முதல் மே வரை வயல் காய்ந்து கிடக்கிற நாலு மாசத்தில் அடுப்பு எரிந்தது அந்தக் கூலியில்தான். நடவு நேரத்தில் ஆள் வரவில்லை என்று நூறு நாள் வேலையைத் திட்டுகிறவர்கள் நம்மிலும் உண்டு. அது வேறு பஞ்சாயத்து, தனியாகப் பேசித் தீர்ப்போம். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் பழைய சட்டத்துக்குப் பதிலாக 125 நாள் என்று இன்னொரு சட்டத்தை நிறைவேற்றியது. அதன் நல்லது கெட்டதும் தனிப் பேச்சு. ஆனால் நாள் நூறோ நூற்றிருபத்தைந்தோ, ரெண்டுமே கிராமத்துக்கு மட்டும்! நகரத்துக்கும் வேலைத் திட்டம் உண்டு என்று 2022-ல் தமிழக அரசு அறிவித்தது உண்மை. தேர்ந்தெடுத்த சில இடங்களில் சோதனை முயற்சி. அது சட்டப்படியான உரிமை இல்லை.

வீடு. பிரதமர் வீட்டுத் திட்டத்தின் கிராமப் பிரிவும், 2024-ல் வீட்டுக்கு மூன்றரை லட்சம் என்று தொடங்கிய கலைஞர் கனவு இல்லமும் கிராமத்தைக் கணக்கில் வைத்து வந்தவை. ஓட்டைக் கூரைக்கு நகரத்தில் வேறு வரிசை இருக்கிறது. அதன் கடைசியில் போய் நில் என்பார்கள்.

வரி. 2022 ஏப்ரலில் நகர உள்ளாட்சிகளில் சொத்து வரியை ஏற்றினார்கள். சென்னை நீங்கலாக மற்ற ஊர்களில் 600 சதுர அடிக்கு உட்பட்ட சின்ன வீட்டுக்கே 25 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேல் போனால் 100 சதவீதம். நகரத்தில் காலிமனை வரி என்றும் ஒன்று உண்டு. மாடு கட்டுகிற கொல்லையையும் நெல் காய வைக்கிற களத்தையும் எந்தக் கணக்கில் எழுதுவார்கள்? இதற்கு முன்கூட்டியே எழுத்தில் பதில் வேண்டும்.

அடுத்தது நிலம். இதைப் பெரியவர்கள் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுங்கள்.

2013-ல் வந்த நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின் முதல் அட்டவணை, நிலத்தின் சந்தை மதிப்பை ஒரு எண்ணால் பெருக்கச் சொல்கிறது. நகரத்தில் அந்த எண் 1. கிராமத்தில், நகரத்திலிருந்து உள்ள தூரத்தைப் பொறுத்து 1 முதல் 2 வரை. பிறகு நூறு சதவீத ஆறுதல் தொகை சேரும். ஒரு ஏக்கர் பத்து லட்சம் என்றும், கிராமத்து எண் ஒன்றரை என்றும் ஒரு பேச்சுக்கு வைத்துக் கொள்வோம். கிராமமாக இருந்தால் பதினைந்து லட்சம், ஆறுதல் தொகையோடு முப்பது லட்சம். அதே ஏக்கர் நகரத்துக்குள் போய்விட்டால் இருபது லட்சம். பத்து லட்சம் எங்கே போச்சு? திருடன் வரவில்லை, புயல் அடிக்கவில்லை, ஒரு அறிவிக்கை வந்தது, அவ்வளவுதான். விக்கிரவாண்டி - கும்பகோணம் - தஞ்சாவூர் நாலுவழிச் சாலைக்கு நிலம் கொடுத்தவர்களைக் கேளுங்கள், ஏக்கர் மதிப்பில் ஒவ்வொரு எண்ணுக்கும் எவ்வளவு அலைந்தார்கள் என்று சொல்வார்கள்.

வருமான வரிச் சட்டத்தில் இன்னொரு கண்ணி. பத்தாயிரம் பேருக்குக் குறையாத நகர உள்ளாட்சியின் எல்லைக்குள் இருக்கிற விவசாய நிலம் 'மூலதனச் சொத்து'. விற்றால் ஆதாய வரிக் கணக்குப் பார்க்க வேண்டும். எல்லைக்குள் மட்டும் இல்லை. ஜனத்தொகை ஒரு லட்சம் வரை என்றால் எல்லையிலிருந்து 2 கிலோமீட்டர், ஒரு லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை 6 கிலோமீட்டர், அதற்கும் மேல் 8 கிலோமீட்டர். ரோடு வழியாக இல்லை, காக்கா பறக்கிற தூரம். 2011 கணக்கில் தஞ்சாவூருக்கு 2,22,943 பேர், கும்பகோணத்துக்கு 1,40,156 பேர். ரெண்டுக்குமே 6 கிலோமீட்டர். நகரத்தை ஒட்டின ஊர்கள் ஏற்கெனவே இந்த வளையத்துக்குள் மாட்டிக் கொண்டவைதான். ஆனால் மாநகராட்சியின் எல்லைக்கல் நாலு கிலோமீட்டர் வெளியே நகர்ந்தால், அந்த 6 கிலோமீட்டரும் கூடவே நகரும்! "எங்கள் ஊரையா சேர்க்கிறார்கள், நமக்கென்ன" என்று தூரத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற ஊர்க்காரர்களே, வளையம் உங்கள் தலைக்கு மேல் வருகிறது.

கடைசியாகக் கிராம சபை. கிராம சபை அரசியல் சட்டத்திலேயே பிறந்தது. வாக்காளர் பட்டியலில் பேர் இருக்கிற ஒவ்வொருவரும் அதில் உறுப்பினர். மீத்தேன், ஹைட்ரோகார்பன் திட்டங்கள் வந்தபோது டெல்டா ஊராட்சிகள் எங்கே நின்று "முடியாது" என்று சொன்னோம்? கிராம சபையில்தானே! நகரத்தில் அது கிடையாது. பகுதி சபா என்று ஒன்றைக் கொண்டு வந்திருக்கிறார்கள். கிராம சபைக்குச் சட்டத்தில் இருக்கிற இடம் அதற்கு இல்லை. ஊராட்சித் தலைவரை நாம் நேராக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறோம். குடிதண்ணீர் வராவிட்டால் அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருகிறோம். மாநகராட்சியில் மேயரைக் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். தஞ்சாவூரில் 51 வார்டு. வகுத்துப் பார்த்தால் வார்டுக்கு நாலாயிரத்து முந்நூறு பேருக்கு மேல். சின்ன ஊராட்சி என்றால் அங்கே போய் ஒரு முழு வார்டு கூட ஆகாது.

பொய்யும் வேண்டாம்

ஒன்றைத் தெளிவாகச் சொல்லி விடுகிறோம். டவுனோடு சேர்த்தால் பம்புசெட்டு இலவச மின்சாரம் போய்விடும், ரேஷன் அரிசி நின்றுவிடும் என்று சிலர் கிளப்பி விடுகிறார்கள். மின்சாரம் நம் மின் இணைப்பின் வகையைப் பொறுத்தது. ரேஷன் அட்டை டவுனிலும் இருக்கிறது. இல்லாத பயத்தைச் சொல்லிக் கூட்டம் சேர்த்தால், நாளைக்கு அதிகாரி அந்த ஒன்றை மறுத்துவிட்டு நம் மொத்த மனுவையும் குப்பையில் போடுவான். நமக்கு உண்மையே போதும்.

"ரோடு வரும், லைட்டு வரும், பாதாளச் சாக்கடை வரும்" என்பவர்களுக்கு ஒரு கேள்வி. தஞ்சாவூர் 2016-ல் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் சேர்ந்தது. பழைய பஸ் ஸ்டாண்டு, காமராஜ் மார்க்கெட், அய்யன்குளம், சிவகங்கைப் பூங்கா என்று வேலை நடந்தது. நடக்கட்டும், நல்லதுதான். ஆனால் எல்லாம் எங்கே இருக்கிறது? நடு ஊரில்! டவுனின் கடைசி வார்டில் குடியிருக்கிற ஒருவரை நிறுத்தி, தெருவில் தேங்குகிற தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள். எல்லைக்குள் வந்து இத்தனை வருஷமான தெருவுக்கே இந்த நிலைமை என்றால், நேற்றுச் சேர்ந்த ஊருக்கு எப்போது முறை வரும்? டவுனிலிருந்து நமக்கு முதலில் வருவது குப்பை லாரியும் சாக்கடைத் தண்ணீரும்தான். பாசன வாய்க்கால் ஊருக்குள் போனால் என்ன ஆகிறது என்று தஞ்சாவூரில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இதில் லாபம் யாருக்கு? மனை வியாபாரிக்கு. 'மாநகராட்சி எல்லைக்குள்' என்று பிட் நோட்டீஸ் அடித்தால் சதுர அடி விலை ஏறுகிறது. 2020-ல் வேளாண் மண்டலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எண்ணெய், எரிவாயுத் துரப்பணம் தொடங்கித் தோல் பதனிடும் ஆலை வரை அதில் தடை உண்டு. நாம் போராடி வாங்கினது. ஆனால் அந்தத் தடைப் பட்டியலில் மனைப்பிரிவு இல்லை. நஞ்சையை எரிவாயுக்காரன் தொடக் கூடாது, கல் நடுகிறவன் தொடலாம்!

கேரளத்தில் என்ன செய்தார்கள்?

2011 கணக்குப்படி கேரளத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான ஜனம் நகரவாசிகள். 47.7 சதவீதம். அங்கே சட்டப்படி நகரம் 59 தான். கணக்கெடுப்பு நகரம் 461. அதாவது கணக்கெடுப்பு நகரம் என்று சொன்னதற்காக அந்த ஊர்களை அவசரமாக நகராட்சியாக்கி விடவில்லை. அவை ஊராட்சியாகவே இருந்தன. அங்கே ஊராட்சிக்குப் பணமும் ஆளும் கொடுத்தார்கள், 1996-ல் மக்கள் திட்டம் தொடங்கி. ஆகவே ஜனம் பெருகினால் நகராட்சியாகத்தான் ஆக வேண்டும் என்பது விதி இல்லை. பெரிய ஊராட்சிக்குப் பெரிய நிதி கொடுத்தாலும் ரோடு போடலாம், விளக்குப் போடலாம்.

இங்கே நடந்தது என்ன?

2025 புத்தாண்டு சமயத்தில் தமிழகத்தில் ஒரே மூச்சில் அறிவிப்பு வந்தது. 16 மாநகராட்சிகளை விரிவாக்குவது, 13 புதிய நகராட்சி, 25 புதிய பேரூராட்சி. மாநகராட்சிகளோடு சேர்க்க மட்டும் 149 ஊராட்சிகள். தேதியைக் கவனியுங்கள். 2019-ல் நாம் ஓட்டுப் போட்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. தட்டிக் கேட்கத் தலைவர் இல்லாமல், ஊராட்சிகள் தனி அலுவலர் கைக்குப் போகிற நேரமாகப் பார்த்து வந்தது! ஜனவரி 26 கிராம சபைகளில் பல ஊராட்சிகள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன, ரோட்டில் உட்கார்ந்தன. பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக 2025 டிசம்பர் 31-க்கு மேல் ஊர் எல்லைகளைத் தொடக் கூடாது என்று மத்திய அரசு சொன்னது. தஞ்சாவூர் 2014-ல் மாநகராட்சி ஆன நாளிலிருந்து சுற்று ஊர்களைச் சேர்க்கும் பேச்சு ஓயவில்லை. கும்பகோணம் 2021-ல் மாநகராட்சி ஆனது. எல்லைப் பூட்டுத் திறக்கிற நாளில் பேச்சு மறுபடி எழும். அதற்குள் நாம் தயாராக இருக்க வேண்டும்.

இப்போதைய சட்டத்தில் நம்மிடம் ஆட்சேபனை கேட்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. நம் சம்மதம் வேண்டும் என்று இல்லை. சங்கத்தின் முதல் கோரிக்கை இதுதான்: கிராம சபை ஒப்புதல் இல்லாமல் எந்த ஊராட்சியும் நகர உள்ளாட்சியோடு சேரக் கூடாது என்று சட்டத்தைத் திருத்து! ரெண்டாவது: 243-கியூ சொல்கிற ஒவ்வொரு கணக்கையும், பெண்களையும் ஆறு மாசத்துக்குக் குறைவாக உழைக்கிறவர்களையும் சேர்த்து எண்ணி, ஊராட்சி வாரியாக வெளியிடு! தன் ஊர் நகரமாக வேண்டும் என்று ஒரு கிராம சபை தானே கேட்டால் நாம் குறுக்கே நிற்கப் போவதில்லை. அது அவர்கள் ஊர், அவர்கள் முடிவு.

ஒவ்வொரு ஊரிலும் செய்ய வேண்டியது:

கணக்கெடுப்பாளர் வீட்டுக்கு வந்தால் "சும்மாதான் இருக்கேன்" என்று சொல்லாதீர்கள். செய்கிற விவசாய வேலையை உள்ளபடி சொல்லுங்கள். எத்தனை மாசம் வேலை என்று எண்ணிச் சொல்லுங்கள். மாடு மேய்ப்பதும் நாற்று விடுவதும் வேலைதான். பெண்கள் "வீட்டு வேலை" என்று முடித்துக் கொள்ளக் கூடாது.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 இவை கிராம சபை நாட்கள். தனி அலுவலர் இருந்தாலும் கூட்டம் நடத்தியாக வேண்டும். வெறுமனே "எதிர்க்கிறோம்" என்று எழுதாமல், நம் ஊரில் அடங்கல்படி நஞ்சை எத்தனை ஏக்கர், புஞ்சை எத்தனை, வேலை அட்டை எத்தனை, குளம் வாய்க்கால் எத்தனை என்று எண்ணோடு தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். கணக்கு கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கிறது, ஒரு வாரம் முன்னாலேயே போய்க் கேளுங்கள்.

பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். "எங்கள் ஊராட்சியை நகரப் பகுதி என்று கருத எந்தக் கணக்கு எடுக்கப்பட்டது, எந்த வருஷம், யார் எடுத்தார்?" முப்பது நாளில் பதில் வர வேண்டும். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அந்தக் காகிதத்தோடு கலெக்டர் ஆபீசில் மாதாமாதம் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு ஊருக்கு இருபது பேராவது வாருங்கள். மனு கொடுத்து, நகலில் சீல் வாங்காமல் யாரும் வெளியே வர வேண்டாம்.